கை தூக்கிய படகுக்காரர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரியில் ஒரு படகுக்காரரின் படகில் போனேன். கழி ஊன்றி ஊன்றி உள்ளங்கை காய்த்துப்போன மனிதர். உல்லாசமாகச் சுற்ற வந்தவர்களின் மோட்டார் படகு எதிரே வந்தால், கழியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை உயரத் தூக்குவார். ஒருத்தனும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு படகு எங்களை நனைத்துவிட்டே போனது.

"அவனுங்களுக்கு எதுக்குங்க மரியாதை?" என்று எரிந்து விழுந்தேன்.

"மரியாத இன்னா மரியாத? இங்க ஆளு கீதுன்னு காட்டணும் சார். இல்லாங்காட்டி மேல ஏத்திக்கினு போயிடுவானுங்கோ. எங்கண்ணன் கை தூக்கல. ரெண்டு கையும் வலையில இருந்துச்சு."

அடுத்த மோட்டார் படகு வந்தபோது நானும் கையைத் தூக்கினேன். அதிலிருந்தவர்கள் சிரித்தபடி டாட்டா காட்டினார்கள்.