தோல் அட்டையில் நான் அடித்த பெயர்

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் செத்த மாட்டின் தோலோடு வாழ்ந்தவன். செத்தது திரும்பாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

எழுதியவன் பெயர் போடாத பழைய அரசியல் புத்தகங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். தோல் அட்டை போட்டது கிடைக்கும் என்றால் ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று எந்தப் பழைய பேப்பர் கடைக்கும் போவேன். இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவன் என்னோடு வேலை செய்த தோஸ்த். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வெந்துபோன கால்களைப் பற்றி, முதலாளிகள் பெயரைச் சொல்லியே திட்டி எழுதுவான். தன் பெயரை மட்டும் போட மாட்டான். அச்சடித்து வந்ததும் கழிவுத் தோலில் அவனே அட்டை போடுவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம் பட்டை மூட்டை மேல் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவான். அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக இந்த வாழ்க்கை எனக்கு வேறு ஒன்றும் தரவில்லை.

"பேர போடேன்டா. பயமா?" என்பேன்.

"இன்னாத்துக்குடா பேஜாரு? பேரு போட்டா பேரத்தான் படிப்பானுங்க. நான் செத்தாலும் நீ போடக் கூடாது, சொல்லிட்டேன்."

சரி என்று சொல்லியிருந்தேன்.

அவன் செத்துப் பல வருஷம் கழித்து, ஒரு பொறுக்கி அவன் வரிகளைத் தன்னுடையது போல மேடையில் பேசிக் கைத்தட்டல் வாங்கினான். கொடுத்த வாக்காவது மண்ணாவது என்று தோஸ்தின் கடைசிப் புத்தகத்தை எடுத்தேன். பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து அச்சை அழுத்தினால், காய்ந்த பிறகு எழுத்து லேசில் போகாது. தோலுக்குக் குறி போடும் பித்தளை எழுத்துகளை வைத்து, சுத்தியலால் அவன் பெயரை அடித்தேன். பட்டப்பகல். காயட்டும் என்று வீட்டில் என் புத்தக அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் பெயர் இல்லை. யாரோ பொறுமையாகத் தேய்த்துச் சமன் செய்த மாதிரி தோல் வழவழவென்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு கட்டைவிரல் பதிவு. நுனி தட்டை, குறுக்கே தழும்பு. மெஷினில் அவன் விரல் மாட்டிய அன்று துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான். அந்த விரல் எனக்குத் தெரியாதா?

"யாருடி உள்ள வந்தது?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"சாவிய பையில வெச்சிக்கினு என்ன கேளுங்க. நான்தான் பூட்டுக்குள்ள பூந்து வந்தேன்!"

அதற்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. இவ்வளவு எழுதியும் இங்கே அவன் பெயரை நான் போடவில்லை, துணிச்சல் இல்லை. அட்டை எப்போதோ காய்ந்துவிட்டது. விரல் பதிந்த இடத்தை மட்டும் இன்று காலை தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம்.