இண்டர்காமில் பழுது இல்லை

பழைய கார்களின் பிரேக்கும் வயரிங்கும் பார்க்கும் பட்டறையில் நான் இன்ஜினியர். டப்ளினில் இருக்கிறோம். மலைச்சாலையைப் போக்குவரத்துக்கு மூடிவிட்டுப் பழைய கார்களுக்குப் பந்தயம் நடத்தும்போது துணைக்குப் போவேன். நான் போன முதல் பந்தயத்தில் எங்கள் வண்டி காலையிலேயே இரண்டு முறை, தடுப்புக்கு அடுக்கிய வைக்கோல் கட்டுகளில் போய் முட்டியது. இன்னொரு முறை முட்டினால் வெளியே போக வேண்டியதுதான் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டியவர் சுந்தர் அங்கிள். பக்கத்து சீட்டில் அவர் மனைவி வசந்தி ஆன்ட்டி. இது ரேஸ் டிராக் அல்ல. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் மிதித்தால் தாமதம். அதனால் அடுத்த வளைவை ஆன்ட்டி முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தத்தில் கேட்பதற்காக ஹெல்மெட்டுக்குள் இண்டர்காம்.

"ஒண்ணுமே கேக்கல மா. பேசாம நீயே உக்காந்து சொல்லேன்" என்றார் அங்கிள் என்னிடம்.

"இந்த ரோட்ட நடந்து நடந்து நோட்ஸ் எழுதினது நானு. இப்ப என்னக் கழட்டிட்டு வேற பார்ட் மாட்டறீங்களா?" என்றார் ஆன்ட்டி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். பேட்டரி, மைக், ஹெல்மெட் என்று வரிசையாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஆன்ட்டி, "மெதுவா, லெஃப்ட்ல வளையுது" என்றார். அங்கிள் மலையை ரசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அதே மைக்கில் நான் முணுமுணுத்தேன்: "அங்கிள், வடை இருக்கு."

"எங்க?"

வயரிங் சுத்தம். பக்கத்து சீட்டிலிருந்து பல வருடமாக "மெதுவா, மெதுவா" கேட்டு, அந்தக் குரலை மட்டும் வடிகட்டிவிட அவர் காது பழகியிருந்தது.

ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். "யார் கூப்பிட்டா அங்கிள் உடனே திரும்புவாரு?"

"அவரோட மேனேஜர். பாத்ரூம்ல இருந்தாகூட ஓடி வருவாரு."

மூன்றாவது ஓட்டம். அவர்கள் பேச்சு என் ரேடியோவிலும் கேட்டது. முதல் ஹேர்பின் வளைவுக்கு முன் ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். "ஹாய் சுந்தர், குயிக் கொஸ்டின்."

பிரேக் அலறியது.

"லெஃப்ட் எடுக்க முடியுமா? செகண்ட் கியர். தேங்க்யூ."

"ஷ்யூர், ஷ்யூர்!"

கடைசி வளைவு மிகக் குறுகல். ஆன்ட்டி, "சுந்தர், நாம கொஞ்சம் தனியா பேசணும்" என்றார். வண்டி ஏறக்குறைய நின்றே விட்டது.

வைக்கோலைத் தொடாமல், எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். அங்கிள் குதித்து இறங்கினார். "சூப்பர் மா! எந்தப் பார்ட்ட மாத்தின?"

"எதையும் மாத்தல அங்கிள்."

ஆன்ட்டி ஹெல்மெட்டைக் கழற்றினார். "அடுத்த வருஷம் பக்கத்து சீட்ல யாரு?"

அங்கிள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீதான். வேற யாரு?"

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இண்டர்காமில் குரல் போய்ச் சேரவில்லை என்றால், வயரைக் கழற்றும் முன் இரண்டு முனையிலும் இருப்பவர்களுக்குத் திருமணமாகி எத்தனை வருடம் என்று கேளுங்கள்.