முனியப்பா சொன்ன பச்சி

ஓசூரில் நாங்கள் கட்டிய புது வீட்டின் வாசற்கதவு அந்த நாட்களில் காலையில் சாத்த வராது. பனி விலகி வெயில் ஏறினால் தானாக வழிக்கு வரும். என் ஊரான நாகப்பட்டினத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்கவில்லை, தச்சர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இங்கே வந்த எனக்கு யாரையும் நம்பத் தோன்றவில்லை. மாநிலங்களைப் பிரிக்கும்போது ஓசூர் மைசூரோடு போகுமா, சென்னையோடு இருக்குமா என்று கடைவீதியில் பேச்சு. தெலுங்கோ கன்னடமோ காதில் விழுந்தால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று படும்.

மழைக்கு முன் வாசல் நிலைக்கும் கதவுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும். கடைக்காரர் காட்டிய டின்களை நான் நம்பவில்லை. தோணிக்கு அடிக்கும் நீலப் பெயிண்ட் உப்புத் தண்ணீரையே தாங்கும் என்று ஊரிலிருந்த அண்ணனுக்கு எழுதி ஒரு பெரிய டின் வரவழைத்தேன். அதை அனுப்பிய கையோடு அவர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். ஊரிலிருந்து எனக்கு ஒன்றை அனுப்ப இனி யாரும் இல்லை.

பெயிண்டர் முனியப்பா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நிலையை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பச்சிம்மா. இப்ப வேணாம்."

"பச்சை எனக்கு வேண்டாம். நீலந்தான்."

"நீலமே அடிக்கலாம்மா. ஆனா பச்சி இருக்குதே."

விற்காமல் கிடக்கும் பச்சைப் பெயிண்டை என் தலையில் கட்டிவிட்டு, நீல டின்னைத் தூக்கிப்போகப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன். அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்து அடித்தேன். முக்கால் டின் தீர்ந்தது.

பத்தே நாள் வெயிலில் நீலம் அப்பளம்போல் கொப்புளம் போட்டது. வேறு வழியில்லாமல் முனியப்பாவையே கூப்பிட்டனுப்பினேன். அவர் ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். தண்ணீர் கசிந்தது.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. அஞ்செட்டிப் பக்கம் வெட்டுன கையோட வண்டி ஏத்தின மரம். உள்ள காயவே இல்ல. பச்சி."

தோணி கட்டுகிறவர்கள் பலகையைத் தட்டிவிட்டு, "பச்சை மரம், வெயில்ல போடு" என்று சொல்வதைத் தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். அது என் ஊர்ச் சொல். கடைசி எழுத்து கொஞ்சம் மாறி வந்ததற்காக அந்த மனிதரைத் திருடராக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"தப்பா நெனச்சுட்டேன்" என்றேன்.

"டின்ன எடுத்துட்டுப் போயிருவேன்னுதானே?" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் சுரண்டி, மழை முடியும்வரை கித்தான் கட்டி, கோடை முழுவதும் மரத்தைக் காயவிட்டோம். பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசி, பெயிண்ட் இரண்டு கை அடித்தோம். மிஞ்சிய நீலம் வாசல் நிலைக்கும் கதவுக்கும் மட்டுமே போதுமானதாக இருந்தது. சன்னல்களுக்குக் கடையில் கிடைத்தது பச்சைதான்.

கதவு இப்போது காலையிலும் சாத்த வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இரண்டு நிறத்தையும் நகத்தால் கீறிப் பார்க்கிறேன். சந்தேகம் முழுதாகப் போகவில்லை. பச்சை கெட்டியாக இருக்கிறது. நீலம் நிலையின் கீழ்மூலையில் உரியத் தொடங்கிவிட்டது. அந்த இடத்துக்கு மட்டும் பச்சை வைக்கலாம் என்கிறார் முனியப்பா. அண்ணன் அனுப்பிய நீலமாயிற்றே, நான் இன்னும் சரி சொல்லவில்லை.