கேட்காமல் என்டர் தட்டாதவர்

செய்தி காலை எட்டரை மணிக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பார்வையற்றோர் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், "தேவகி மேடம் இன்று அதிகாலை காலமானார்" என்று செல்போன் வாசித்தது. அதற்கு முன்னால் வந்திருந்த பஸ் நேர மாற்றத்தையும் அது அதே குரலில்தான் வாசித்திருந்தது. வேறு தேவகியாக இருக்கலாம் என்று பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்தேன். கீழே அவர் தங்கையின் எண் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

திருத்தணியில் ஓர் அலுவலகத்தின் தொலைபேசி ஆபரேட்டராக இருந்த அவரை உங்களில் பலர் குரலாக மட்டுமே அறிந்திருப்பீர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வயது நாற்பத்தொன்று. ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார்.

நான் பொதட்டூர்பேட்டைக்காரன். விசைத்தறிச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். நரம்புக் கோளாறில் இரண்டு கண்ணும் போன பிறகு, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்று கிடைக்கும்போல் இருந்தது. திங்கட்கிழமை இரண்டு மணி நேரத் தேர்வு. என் லேப்டாப்பில் இருந்த, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானோ காசு கட்டாத பதிப்பு; நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூடிக்கொள்ளும், லேப்டாப்பை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். குழுவில் புலம்பினேன். தேவகி பதில் அனுப்பினார்: "லினக்ஸ்னு ஓசி சிஸ்டம் ஒண்ணு இருக்குது, போட்டுக்கலாம்ணா. அது பாட்டுக்குப் பேசிகினே இருக்கும். உங்க ஊர்ல என்னிக்குக் கரண்ட் கட்டு?"

கேள்வி சரிதான். எங்கள் தெருவில் தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. என் லேப்டாப்பில் ஹெட்போன் துளையும் கெட்டுப்போயிருந்தது. சனிக்கிழமை மாதாந்தரப் பராமரிப்பு, மதியம் இரண்டு மணி வரை மின்சாரம் இல்லை என்றேன். அன்று காலை முதல் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

அதைச் செருகி மெஷினை ஆன் செய்தார். பீப் என்று ஒரு சத்தம். மெஷினைப் பேச வைக்கும் எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் நெளிந்தேன். "இருங்கண்ணா, தொண்டையச் சரி பண்ணிகினு வரும்" என்றார். வந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. அவர் எண்ணைத் தட்டிப் பதில் சொன்னார். புரியாத வரியைத் திரும்பப் படிக்க வைத்தார். "கேக்காம என்டர் தட்டக்கூடாதுங்க. பாக்கறவங்கதான் படிக்காம ஓகே குடுப்பாங்க."

டிஸ்க்கை என்ன செய்வது என்று மெஷின் கேட்டது. முழுவதும் அழித்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். "என்னா வச்சிருக்கீங்க அதுல?" என்றார். பன்னிரண்டு வருட டிசைன்கள், நான்காயிரத்துச் சொச்சம். எடுத்து வைக்க வேறு டிஸ்க் இல்லை.

"அழிச்சிடுங்க. எனக்குத் தெரியப் போவுதா" என்றேன்.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கோவத்துல சொல்றீங்க. இடம் இருக்குது, டிசைன ஒரு பாதில வச்சிட்டு மீதிய லினக்ஸுக்குப் பிரிச்சிக்கலாம். நேரம்தான் ஆவும்."

"திங்கக்கெழம பரீட்சைம்மா. நடுவுல பேட்டரி போச்சின்னா?"

"அதனாலதான் பிரிக்கற வேலைய மொதல்ல முடிக்கணும். பேட்டரி இப்பதான் ஃபுல்லா இருக்குது."

பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சும்மா இருக்க முடியாமல், அந்த டிசைனில் ஒன்றைச் சொல்லச் சொன்னார். மயில் கரை ஒன்றைச் சொன்னேன். நீலம், பச்சை என்று ஆரம்பித்ததும் நிறுத்தினார். "கலரு எனக்கு எதுக்கு? அடுத்து என்னா வருது, அதச் சொல்லுங்க. மயிலு எந்தப் பக்கம் பாக்குது?" அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். எல்லாம் இடப்பக்கம் பார்த்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மூன்று மொட்டுகள் இருந்தன. கண் போனதிலிருந்து மூன்று வருடமாக அந்த மயிலை நினைக்காமல் இருந்தவன் அன்று நன்றாகவே பார்த்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மீதி வேலை முடியுமுன்னே, சொன்ன நேரத்துக்கும் முன்னதாக மின்சாரம் வந்துவிட்டது. நாலா பக்கமும் தறி கிளம்பியது. தேவகி பாயில் படுத்து ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்த என் அம்மா பயந்துபோய், "இன்னாம்மா, மயக்கமா?" என்று கத்தினார்.

"ஆங், இல்லம்மா. கேட்டுகினு இருக்கேன்."

அப்படியே படுத்தபடி கடைசிக் கேள்வி வரை முடித்தார். திங்கட்கிழமை தேர்வு எழுதினேன். இன்றும் அந்த வேலையில்தான் சாப்பிடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போன் செய்து, "இன்னிக்கு எந்தக் கரைண்ணா?" என்பார். சொல்வேன். முன்பு சொன்னதற்கு மொட்டு, பூ எண்ணிக்கை தப்பினால் கண்டுபிடித்துவிடுவார். இப்படிச் சொல்லிச் சொல்லியே, வரைகிற ஒருவருக்கு வாயால் டிசைன் சொல்ல முடியும் என்று எனக்குத் துணிச்சல் வந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்காரர் புதுக் கரை ஒன்று கேட்டிருக்கிறார். கண் போன பிறகு நான் போடும் முதல் டிசைன். போன மாதம் அதைத் தேவகியிடம்தான் முதலில் சொன்னேன். முடிவு வரை கேட்டுவிட்டு, "நல்லா இல்லண்ணா. ரொம்ப நீட்டம். கடைசிக்கு வர்றதுக்குள்ள மொதல்ல என்னா இருந்திச்சின்னே மறந்துபோச்சி" என்றார். இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

என் டிஸ்க்கில் பழைய டிசைன்கள் உள்ள அந்தப் பாதி அப்படியே இருக்கிறது. இடம் போதவில்லை என்று மெஷின் அடிக்கடி சொல்கிறது. அதை அழிக்க மாட்டேன். அவர் சொன்ன குறையையும் மனதில் வைத்திருக்கிறேன். கரையிலிருந்து இரண்டு கொடியையும் ஒரு பூவையும் எடுத்துவிட்டேன். முன்னைக்கு இப்போது நினைவில் நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது. திருத்தியதைத் தேவகி கேட்கவில்லை. தறிக்காரருக்கு இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.