தீர்த்தகிரியின் பிறந்தநாள்

தீர்த்தகிரிக்குத் தான் பிறந்த தேதி தெரியாது. ஆதார் அட்டையில் இருந்த ஜூன் ஒன்று, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்டது. அதை அவர் தன்னுடையதாக எண்ணியதே இல்லை.

அவருக்கென்று வேறொரு நாள் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன், நாட்றாம்பாளையத்தில் ராகி அறுவடைச் சமயம். யானை துரத்தி, ஓடைப் பள்ளத்தில் விழுந்தார். யானை அவரைத் தாண்டிப் போய்விட்டது. வீடு திரும்பியவரை மனைவி ராஜாத்தி வாசலிலேயே நிறுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கொடுத்தாள்.

“இன்னிக்கிதான் பொறந்திருக்க மாமா.”

அதிலிருந்து வருடாவருடம் அந்தத் தேதிக்குப் பாயசம்.

மகள் பிரவீனா ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மென்பொருள் வேலை பார்த்தாள். அவள் வாங்கிக் கொடுத்த போனில், ஞாயிறுதோறும் ராகிக் கொல்லையை வீடியோ எடுத்து, தன் பெயரில் இருந்த இணையக் கணக்கில் போடுவார். தமிழில் தொடங்கி, யானையைத் திட்டும்போது கன்னடத்துக்கு மாறிவிடுவார். போட்டதும் போனிலிருந்து அழித்துவிடுவார்.

“எடம் அடைக்குதும்மா. மேல ஏத்திட்டேன் இல்ல, அமெரிக்காக்காரன் பத்திரமா வெச்சிருப்பான்.”

நவம்பரில் ஒருமுறை திரையில் வான்கோழி வந்து வாழ்த்துச் சொன்னது. “யாரும்மா இது, எனக்கு வணக்கம் சொல்ற கோழி?” என்றார். அமெரிக்காவில் அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை என்று பிரவீனா விளக்கிச் சொன்னாள். “அவன் பண்டிகை எனக்குத் தெரியுது. என் மாரியம்மன் பண்டிகை அவனுக்குத் தெரியலயே” என்று சிரித்தார்.

ஆவணியில் மாரடைப்பு. ஓசூர் வரும் வழியிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்தபின் அவர் குரலைக் கேட்கத் தேடினாள் பிரவீனா. கணக்கு முடக்கப்பட்டிருந்தது. காரணம்: குறைந்தபட்ச வயது இல்லை.

“சாவறதுக்கு முந்தின வாரம் அந்த போனு பொறந்த தேதி கேட்டுச்சு. யானை தொரத்துன தேதிய வருசத்தோட போட்டாரு” என்றாள் ராஜாத்தி. “அப்புறம் தொறக்கவே இல்ல. சிக்னல் இல்லன்னு மூடி வெச்சுட்டாரு.”

பதின்மூன்று வயது ஆகாதவர்களின் விவரத்தை வைத்திருக்க அமெரிக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டத்துக்கு அப்பா பதினோரு வயதுகூட நிறையாத பையன்.

மேல்முறையீடு செய்தாள். ஆதாரை அனுப்பினாள். தேதி பொருந்தவில்லை என்றார்கள். கணக்கின் உரிமையாளர் கேமராவைப் பார்த்து, முகத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்ப வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழை அனுப்பினாள். அதைப் படிக்க அந்தப் பக்கம் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட தானியங்கிச் சோதனைகளை எழுதுவதுதான் அவள் வேலையும். எந்த இடத்தில் மனிதன் இல்லை என்று அவளால் சொல்லிவிட முடிந்தது.

கடைசிப் பதில் கம்பெனிப் பேருந்தில் போகும்போது வந்தது. அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கம்மா.”

ராஜாத்தி கேட்டாள்: “வேற ஒண்ணும் சொல்லலியா?”

பிரவீனா அந்தப் பதிலைத் தமிழாக்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“பெற்றோருக்கு வணக்கம். உங்கள் குழந்தையின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். பதின்மூன்று வயது நிறைந்ததும் அவர் புதுக் கணக்குத் தொடங்கலாம்.”

“அதுக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குது?”

“ரெண்டு வருசம்மா.”

“சரி” என்றாள் ராஜாத்தி. பிறகு, “வர்ற மாசம் பொறந்தநாளு. நீ வந்துடு. பாயசம் வெக்கறேன்” என்றாள்.