சிதறாலில் யாருமில்லாதவள் போர்த்திய பொன்னாடை

பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது, "கூட யார் இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். எனக்கு ஐம்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருந்த ஒரு அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, போன வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினேன்.

சனி காலை ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை, 900 ரூபாய். தனியாக வரும் பெண் என்று ஒரு கேள்விக்கு இரண்டு கேள்வி கேட்டார்கள், மற்றபடி சுத்தம். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து பின்னாலேயே நிற்க, நான் காசு கொடுத்து முன்னதில் ஏறினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் சமணமலை ஏழு கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கூட்டிவர ஆட்டோவுக்கு 500 ரூபாய் பேசினேன். ஓட்டுநர் பெயர் பிஜு.

மலை பெரிய ஏற்றமில்லை. கல் பாவிய பாதையில் நிதானமாக நடந்தால் அரை மணிக்குள் உச்சி. பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், பக்கத்தில் ஒரு சுனை, கீழே தென்னையும் ரப்பரும், நடுவே ஆறு. தனியாக வந்தவள் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லாக் குடும்பமும் போனை நீட்டும். நான்கு குடும்பங்களைப் படமெடுத்தேன். என் போனில் பாறைகள் மட்டும்தான் இருக்கின்றன. கட்டிவந்த புளிச்சாதத்தை ஒரு மரத்தடியில் தின்றபோது, ஏன் வந்தோம் என்று அழுகை வந்தது.

நான்கு மணிக்கு இறங்கினால், அடிவாரத்துச் சந்திப்பில் பந்தலும் மைக்குமாக ஒரே சத்தம்.

"பைய வாருங்கக்கா, அங்கெ பெகளம் நடக்கு," என்றார் பிஜு. சண்டையாம். விஷயத்தை அவரே சொன்னார். ஊர் மன்றம் ரெத்தினபாய் என்ற அம்மாளுக்குப் பாராட்டு வைத்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குக் கூட இருப்பதே அந்த அம்மாளின் வாழ்க்கை. இருபத்தைந்து வருடமாகக் கூலி வாங்காமல் இருக்கிறார். பொன்னாடை போர்த்த வேண்டிய பெண் அதிகாரி வரவில்லை. பெண்ணுக்குப் பெண்தான் போர்த்த வேண்டும். தலைவர் மனைவியா, செயலாளர் மனைவியா? இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சிவனே என்று ஆட்டோவில் ஏறியவளைப் பிஜு செயலாளரிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்.

"அக்காவுக்கு இங்க சொந்தக்காரவிய உண்டுமா?"

"இல்லை."

"தெரிஞ்சவிய?"

"யாருமே இல்லை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் நீங்கதான் பொருத்தம். ஒருத்தனும் கொறை சொல்ல முடியாது."

யாருமில்லை என்பதற்காக என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. 'சென்னையிலிருந்து வருகை தந்திருக்கும் சமூக ஆர்வலர்' என்று மைக்கில் கூசாமல் அறிவித்தார்கள். நானும் கூசாமல் போர்த்தினேன்.

கைதட்டல், வடை, டீ. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்து, ரெத்தினபாயும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"ஒத்தைக்கா வந்தியா மக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள், கல், நர்ஸ், கேள்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

அவர் சிரித்தார். "எனக்கும் அதே கேள்விதான். ரெண்டு கண்ணுலயும் புரை. ஓப்பரேஷனுக்குப் போனா கூட ஆளு எங்கண்ணு கேக்காவ. திரும்பி வந்தாச்சு."

"ஊரே உங்களைக் கொண்டாடுதே?"

"ரெத்தினபாய்க்கு ஆளுக்கா பஞ்சம்ணு எல்லாரும் நெனைக்காவ. கூப்பிட்டா வருவாவ. கூப்பிடணுமே! எனக்குக் கூட இருந்துதான் பழக்கம், கூப்பிட்டுப் பழக்கமில்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொன்னாடைக்கு மல்லுக்கு நின்ற இருவரில் ஒருத்திக்காவது இந்தக் கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லையே! ஆனால் ஊரை மட்டும் சொல்லி என்ன பயன். நான் மட்டும் யாரைக் கூப்பிட்டேன்?

"திங்கட்கிழமை போவோமா? நான் இருக்கேன்," என்றேன்.

"நீ மெட்ராஸ் போண்டாமா?"

"அப்புறம் போகலாம்."

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். இந்தப் பதிவை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிதறால் போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போங்கள், மேலே கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள், பாறை வழுக்கும். ஆஸ்பத்திரியில் யாருக்காவது கூட இருக்கப் போகிறவர்களுக்கு: பிளாஸ்க், போர்வை, போன் சார்ஜர். போர்வை உங்களுக்குத்தான். ஏ.சி. வராந்தாவில் எலும்பு வரை குளிர்கிறது.

சற்று முன் கதவைத் திறந்து நர்ஸ் கேட்டாள்: "ரெத்தினபாய்க்க ஆளு ஆரு?"

"நான்தான்," என்று எழுந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்ததாம்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் போனை எடுத்தேன். சென்னையில் பதினோரு வருடமாக எதிரெதிர் கதவு, தினமும் ஒரு புன்னகை, அதோடு சரி. அந்த அம்மாளின் எண்ணை 'எதிர் வீடு' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டேன். முதலில் பெயரைக் கேட்டேன்.