கண்ணன் தம்பி வைத்த புள்ளி

கண்ணன் இறந்துபோன சேதியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அச்சுக்கு வந்த தாளில்தான் அது வந்தது. கடத்தூரிலிருந்து அவன் அண்ணன் கண்ணீர் அஞ்சலிக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். காமாலையாம். "அவன் செஞ்ச எழுத்துலயே போட்டுக் குடுங்க பாய்" என்று எங்கள் பிரஸ் முதலாளியிடம் கேட்டார். பெயரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

தர்மபுரியில் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்துபோனவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். பெரிய படிப்புப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வரவைக்கிறேன் என்று ஒரு வருஷமாக மூலையில் உட்கார்ந்திருந்தான். நான் அஞ்சாவது வரைக்கும்தான். ஈய எழுத்துக் கோக்கிறவள்.

ஈயத்தில் புள்ளியும் எழுத்தும் ஒரே துண்டு. அவன் மெஷினில் புள்ளி தனி. அந்த ஒரு புள்ளியேதான் எல்லா எழுத்தின் தலையிலும் போய் உட்கார வேண்டும். எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு, அதனால் இடம் தப்பும். ஒவ்வொன்றாக அடித்து என்னிடம் கொண்டுவருவான்.

"என்ன தம்பி, புள்ளி பஸ் படியில தொங்குது?"

"உள்ள ஏத்திவிட்டுர்றேங்க்கா" என்று சிரித்துக்கொண்டே மறுபடி அளப்பான். "நீங்க சரின்னாத்தான் எனக்குச் சரி" என்பான்.

கடைசியாக ண் வந்தது. மூன்று சுழிக்கும் நடுவில் நிற்காமல் புள்ளி ஓரத்தில் நின்றது. பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டால் பாய் என்னை எதற்கு வைத்திருப்பார்? வூட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். ஒரு எழுத்தாவது கோணலாக இருந்தால் இந்த மெஷின் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"சரிதான் தம்பி" என்றேன்.

நம்பினான். "முடிஞ்சுதுங்க்கா" என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனான். போனவன் திரும்பவில்லை.

அஞ்சலித் தாள் மெஷினிலிருந்து வந்தது. அவன் பெயருக்குள்ளேயே அந்த ண். புள்ளி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குத் தெரியவில்லை. "நல்லா வந்திருக்குதுங்க" என்று அழுதார். "செத்த இருங்க" என்று வாங்கி, பிளேடால் அந்தப் புள்ளியைச் சுரண்டிவிட்டுப் பேனாவால் நடுவில் வைத்தேன். ஒவ்வொரு தாளிலும் வைத்தேன். பாய் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவன் வேலையில் குறை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கண்டும் சொல்லாதவள் நான்.

ஒரு தாளை மட்டும் திருத்தவில்லை. என் எழுத்துப் பெட்டியில், ண் போடுகிற அறைக்கு அடியில் வைத்திருக்கிறேன். புள்ளி ஓரத்தில்தான் நிற்கிறது. உள்ளே ஏற்றிவிட அவன் இல்லை.